செல்லமாக வளர்க்க எந்தக் கோழி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்தான். கறிக்கும் இல்லை, வியாபாரத்துக்கும் இல்லை. கொல்லையில் நாலு கோழி சுற்றி வர வேண்டும், கூப்பிட்டால் ஓடி வர வேண்டும், கையில் எடுத்தால் அடங்கி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. எளிதானவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

முதல் தடவை கோழி வாங்கப் போகிறேன். சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு இனத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

ஆர்பிங்டன். குறிப்பாகப் பொன்மஞ்சள் நிறத்தில் வரும் பஃப் ஆர்பிங்டன். இங்கிலாந்தில் அப்போது கென்ட் பகுதியில் இருந்த ஆர்பிங்டன் என்ற ஊரில், வில்லியம் குக் என்பவர் 1886இல் உருவாக்கிய இனம் இது. முதலில் வந்தது கறுப்பு. பஃப் நிறம் 1894இல் வந்தது. பெட்டையே மூன்று கிலோவுக்கு மேல் வரும். உடம்பு கனம், நடை நிதானம், வேலி தாண்டிப் பறப்பது அபூர்வம். மனிதர் பக்கத்தில் வந்தால் சிதறி ஓடாமல், கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வரும்.

ஒரே ஒரு தயக்கம், உங்கள் ஊர் வெயில். அடர்ந்த இறகு கொண்ட கோழி இது. வெப்பமான இடத்தில் இருப்பவர்கள் வெயில் பற்றிய பதிலைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாதுவான இனம் என்று ஒன்று உண்மையிலேயே உண்டா? எல்லாம் வளர்க்கிற விதத்தில்தானே இருக்கிறது?

இரண்டுக்கும் பங்கு உண்டு. மிரட்சி என்பது பரம்பரையாகவும் வருகிற குணம். சுவீடனின் லின்ஷாப்பிங் பல்கலைக்கழகத்தில் பெர் யென்சனின் குழு, வீட்டுக்கோழிகளின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழிகளில் மனிதரைக் கண்டு குறைவாக மிரள்பவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, அவற்றின் குஞ்சுகளிலும் அப்படியே பொறுக்கி இனப்பெருக்கம் செய்துகொண்டு போனது. சில தலைமுறைகளிலேயே மிரளாத கூட்டமும் மிரளும் கூட்டமும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்துவிட்டன. கொச்சின், ஆர்பிங்டன் போன்றவற்றை நெடுங்காலமாக ஆட்கள் கையில் எடுத்து, கண்காட்சியில் வைத்து, அடங்கி நின்றதை வைத்துக்கொண்டு வளர்த்து வந்திருக்கிறார்கள். லெகார்னை அப்படித் தேர்ந்தெடுக்கவில்லை. நிறைய முட்டையும் சுறுசுறுப்பும்தான் அதனிடம் எதிர்பார்த்தார்கள்.

ஆனால் இனத்தின் பெயர் பாதி தூரம்தான் கூட்டிப் போகும். ஒரே இனத்தில் ஒரு பண்ணையின் வம்சம் சாந்தமாகவும் இன்னொரு பண்ணையின் வம்சம் படபடப்பாகவும் இருப்பதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். தாய்க் கோழிகளும் சேவலும் எப்படி நடந்துகொள்கின்றன என்று நேரில் பார்க்க முடிந்தால், இனப்பட்டியலைவிட அது அதிகம் சொல்லும்.

எங்களுக்கு இடம் கொஞ்சம்தான். ஒரே ஒரு கோழி வளர்த்தால் நம்மிடம் இன்னும் நெருக்கமாகப் பழகும் இல்லையா?

வேண்டாம். தனிக்கோழி நம்மை ஒட்டிக்கொள்வது உண்மை, ஆனால் வேறு துணை இல்லாததால் ஒட்டிக்கொள்கிறது. நாம் உள்ளே போனதும் கத்திக்கொண்டே இருக்கும், இறகைப் பிடுங்கிக்கொள்ளும், சரியாகத் தின்னாது. குறைந்தது மூன்று வையுங்கள். இரண்டு வைத்தால் ஒன்று இறக்கும் நாளில் இன்னொன்று தனியாகிவிடும். அந்தச் சிக்கலைக் கடைசியில் தனியாகப் பார்க்கலாம்.

இடத்துக்கு ஒரு கணக்கு: கூட்டுக்குள் ஒரு கோழிக்கு 4 சதுர அடி, வெளியே வலையடித்த இடத்தில் 10 சதுர அடி. பிரம்மா மாதிரி பெரிய இனம் என்றால் இன்னும் கூட்டுங்கள். இடம் நெருங்கினால் எவ்வளவு சாதுவான இனமும் கொத்த ஆரம்பித்துவிடும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் தூக்கினாலும் பொறுத்துக்கொள்ளும் கோழி எது?

சில்க்கி, கொச்சின் பேண்டம், ஃபாவரோல். மூன்றுமே பிடித்தால் திமிறுவது குறைவு. பேண்டம் என்றால் குட்டை வகைக் கோழி. கொச்சின் பேண்டத்தைச் சில நாடுகளில் பீக்கின் பேண்டம் என்பார்கள். உருண்டையாக, கால் வரை இறகு மூடி, பிள்ளைகளின் கைக்கு அடக்கமாக இருக்கும். ஃபாவரோல் பிரான்சில் தோன்றியது. கன்னத்தில் தாடி, காலில் ஐந்து விரல். பிரம்மாவும் குணத்தில் தங்கம்தான், ஆனால் சேவல் 5 கிலோவைத் தாண்டும். மூன்று வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேராக ஒரு அலகு வந்து நின்றால் பிள்ளை பயந்துவிடும்.

பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது தூக்கும் முறை. துரத்திப் பிடிக்கக் கூடாது. உட்கார்ந்துகொண்டு, இரண்டு இறக்கையும் உடம்போடு சேர்ந்திருக்கும்படி அணைத்து, ஒரு கையால் கால்களைத் தாங்க வேண்டும். நெஞ்சை இறுக்கக் கூடாது. கோழிக்கு நம்மைப்போல உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு விடும். இறுக்கிப் பிடித்தால் மூச்சு முட்டும். ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் தாங்களே தூக்காமல் இருப்பது நல்லது, ஏன் என்று நோய் பற்றிய பதிலில் சொல்கிறேன். அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் தூக்கும்போதும் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

சில்க்கியைப் பார்த்ததும் ஆசையாகிவிட்டது. அதில் குறை ஒன்றும் இல்லையா?

குணத்தில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. உடம்பில்தான் நாம் கவனிக்க வேண்டியவை நிறைய. அதன் இறகு இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்வதில்லை. அதனால்தான் பஞ்சு மாதிரி இருக்கிறது, அதே காரணத்தால் பறக்கவும் முடியாது, மழையும் வழிந்தோடாது. நனைந்தால் தோல் வரை ஈரமாகி விறைத்துவிடும். மழை நாளில் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும், நனைந்துவிட்டால் துடைத்துக் காய வைக்க வேண்டும். உயரமான கம்பில் ஏற முடியாததால் இரவில் தரையில் குவிந்து படுக்கும். கீழே உலர்ந்த வைக்கோலோ மரச்சீவலோ போடுங்கள்.

தலைக்கொண்டை இறகு கண்ணை மறைக்கும். பக்கவாட்டிலிருந்து வருவது தெரியாததால் திடுக்கிடும். கண்ணை மறைக்கிற இறகை மட்டும் அவ்வப்போது கத்தரித்துவிடுங்கள். நிறைய சில்க்கிகளுக்கு உச்சந்தலை எலும்பு மேடாகி, நடுவில் இடைவெளியோடு இருக்கும். வேறு கோழி அந்த இடத்தில் ஓங்கிக் கொத்தினால் மூளையே பாதிக்கும். பெரிய, முரட்டுக் கோழிகளோடு சில்க்கியைச் சேர்க்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தோலும் எலும்பும் கறுப்பாக இருப்பதைப் பார்த்து நோய் என்று பயந்து கேட்பவர்களும் உண்டு. அது பிறவி நிறம், கவலை வேண்டாம்.

எங்கள் ஊரில் வெயில் கொளுத்தும். பெரிய உருண்டைக் கோழிகள் தாங்குமா?

சிரமப்படும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்பின் வெப்பநிலையே 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். கூடுதல் சூட்டைக் கொண்டையும் தாடையும் வழியாகவும், வாயைத் திறந்து இரைத்தும்தான் வெளியேற்றுகிறது. காற்று 30 டிகிரியைத் தாண்டும்போதே கொச்சின், பிரம்மா, ஆர்பிங்டன் இறக்கையை விரித்துக்கொண்டு இரைக்க ஆரம்பிக்கும். நாள் முழுக்க நிழல், குளிர்ந்த தண்ணீர், காற்றோட்டமான கூடு என்று எல்லாம் தர முடிந்தால் வளர்க்கலாம். முடியாது என்றால் ஆசைக்காக வாங்காதீர்கள்.

வெப்பத்துக்கு மொட்டைக்கழுத்துக் கோழியை நான் தாராளமாகப் பரிந்துரைப்பேன். இறகு கணிசமாகக் குறைவு, கழுத்து வழியாகச் சூடு எளிதில் வெளியேறும், பழகுவதற்கும் நல்ல கோழி. தோற்றத்தைப் பார்த்துப் பலர் ஒதுக்கிவிடுவது எனக்கு வருத்தம். குளிர் கடுமையான ஊர்களில் கணக்கு தலைகீழ். பெரிய ஒற்றைக் கொண்டை உறைபனியில் கருகிவிடும். பிரம்மா, வயண்டாட் போன்ற தலையோடு ஒட்டிய சின்னக் கொண்டை உள்ளவை பிழைத்துக்கொள்ளும்.

பழகவும் வேண்டும், முட்டையும் நிறைய வேண்டும். இரண்டும் கிடைக்குமா?

ஓரளவு கிடைக்கும். ஆஸ்ட்ரலார்ப் என்பது ஆஸ்திரேலியாவில் கறுப்பு ஆர்பிங்டனிலிருந்து உருவான இனம். 1922-23இல் ஆறு ஆஸ்ட்ரலார்ப் பெட்டைகள் சேர்ந்து 365 நாளில் 1,857 முட்டை இட்டன. இன்றைக்கு வீட்டில் வளரும் ஆஸ்ட்ரலார்ப் அவ்வளவு இடாது, ஆனால் மூதாதையின் சாந்தமும் நல்ல முட்டை வரத்தும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. சசெக்ஸ், பிளைமவுத் ராக் இரண்டும் இதே வரிசை. சில்க்கியிடம் வருடத்துக்கு நூற்றுச் சொச்சம் முட்டைக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பிரம்மா முதல் முட்டை இடவே ஏழெட்டு மாதம் ஆகலாம்.

ஐசா பிரவுன் போன்ற பழுப்பு நிறக் கலப்பினங்கள் மனிதரிடம் அசாத்தியமாகப் பழகும். காலைச் சுற்றியே வரும், வருடத்துக்கு 300 முட்டைக்குக் குறையாது. ஆனால் அந்த முட்டைக்காகவே உருவான உடம்பு சீக்கிரம் தேய்ந்துபோகிறது. வயிற்றுக்குள் முட்டைக்கரு கசிந்து சீழ் பிடிப்பது, கருக்குழாய் வெளியே தள்ளுவது, கட்டி வளர்வது என்று இரண்டு மூன்று வயதிலேயே பல கோழிகள் போய்விடும். பிள்ளைகள் பெயர் வைத்து வளர்க்கும் கோழி என்றால் இதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

சாதாரண நாட்டுக்கோழியைப் பழக்க முடியாதா? பெயர் தெரியாத வெளிநாட்டு இனம்தான் வாங்க வேண்டுமா?

தாராளமாகப் பழக்கலாம். நாட்டுக்கோழி என்பது ஒரே குணமுள்ள இனம் இல்லை, பல வம்சங்கள் கலந்தது. அதனால் ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளில் ஒன்று தோளில் ஏறும், இன்னொன்று கிட்டவே வராது. முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் வித்தியாசம். பொதுவாக எச்சரிக்கை அதிகம், மரத்தில் ஏறும், வேலி தாண்டும். பருந்திடமிருந்து தப்புவதற்கு அந்த எச்சரிக்கைதான் உதவுகிறது. குஞ்சிலிருந்தே கையில் தீனி கொடுத்து வளர்த்தால் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கும். மடியில் படுக்கிறவை கொஞ்சம்தான் தேறும்.

எங்கள் கோழி மனிதர்களிடம் ரொம்ப நல்லது. ஆனால் மற்ற கோழிகளை விடாமல் கொத்துகிறது. சாதுவான இனம் என்றுதானே கொடுத்தார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். மனிதரிடம் சாதுவாக இருப்பதும் மற்ற கோழியிடம் சாதுவாக இருப்பதும் வேறு வேறு குணங்கள். விற்பவர்கள் சாது என்று சொல்லும்போது முதலாவதைத்தான் சொல்கிறார்கள். அசில் சண்டைக்கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்த்தவர் கையில் அது அப்படி அடங்கி இருக்கும். இன்னொரு அசிலைக் கண்டால், பெட்டையாக இருந்தாலும் விடாது. சற்று முன் சொன்ன பழுப்புக் கலப்பினங்களும் ரோட் ஐலண்ட் ரெட்டும் நம்மிடம் குழைந்துகொண்டே, சாந்தமான இனங்களைத் தீனித் தட்டிலிருந்து விரட்டும். இன்னொரு கோடியில் ஃபாவரோல், சில்க்கி, கொச்சின். இவை எதிர்த்துக் கொத்தாது, ஒதுங்கிப் போகும். அதனாலேயே அடி வாங்கும்.

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை இருப்பதை நார்வே ஆய்வாளர் தோர்லைஃப் ஷெல்டெருப்-எபே 1921இல் விவரித்தார். அந்த வரிசை ஏற்பட்டுவிட்டால் சண்டை குறையும். ஒரு கொத்து, ஒரு முறைப்பு, அவ்வளவோடு முடிந்துவிடும். இதைத் தடுக்க முயலாதீர்கள். கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு: ரத்தம் வருவது, ஒரு கோழி மட்டும் மூலையிலேயே நிற்பது, தீனிப்பை நிறையாமலே கூடு அடைவது. இரண்டு தட்டு, இரண்டு தண்ணீர்த் தொட்டி எட்ட எட்ட வையுங்கள், மறைந்துகொள்ள ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் கொத்துகிற கோழியைப் பிரித்து ஒரு வாரம் தனியாக வையுங்கள். அடி வாங்குகிற கோழியைப் பிரித்தால் திரும்பி வரும்போது இன்னும் கீழே போய்விடும்.

அப்படியானால் எந்தெந்த இனங்களைச் சேர்த்து வைக்கலாம்?

உடம்பு அளவும் சுபாவமும் ஒத்தவற்றை. ஆர்பிங்டன், ஆஸ்ட்ரலார்ப், சசெக்ஸ், பிரம்மா, ஃபாவரோல் ஒரு கூட்டமாக இருக்கலாம். சில்க்கியும் கொச்சின் பேண்டமும் இன்னொரு கூட்டம். பழுப்புக் கலப்பினம், ரோட் ஐலண்ட் ரெட், பிளைமவுத் ராக் மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும். ஒரு கூட்டத்தில் ஒரே ஒரு சில்க்கி, ஒரே ஒரு போலிஷ் என்று வைக்காதீர்கள். போலிஷுக்கும் கண்ணை மறைக்கும் பெரிய கொண்டை இறகு உண்டு. வித்தியாசமாகத் தெரியும் தலையை மற்றவை கொத்திப் பார்க்கும். அப்படி ஒன்று வேண்டும் என்றால் இரண்டாக வாங்குங்கள்.

பேண்டம் எல்லாமே சின்னதுதானே, அப்போது எல்லாமே சாதுதானே?

இல்லை. கொச்சின் பேண்டம் சாது. மலேசியாவின் சேரமா, உலகிலேயே மிகச் சிறிய கோழி இனம், அரைக் கிலோ கூட வராது; அதுவும் நன்றாகப் பழகும். செப்ரைட் அழகாக இருக்கும், ஆனால் படபடத்துப் பறக்கும். சண்டைக்கோழி வம்சத்துப் பேண்டங்கள் தம் அளவைவிடப் பெரிய கோழிகளோடு மோதும்.

குஞ்சாக வாங்குவதா, வெடைக்கோழியாக வாங்குவதா?

நன்றாகப் பழக வேண்டும் என்பதே முதல் நோக்கம் என்றால் குஞ்சு. பொரித்த முதல் சில நாட்களில் மனிதக் கை பழகிய குஞ்சுக்குப் பிறகு மிரட்சி குறைவாக இருக்கும். ஆனால் குஞ்சு வளர்ப்பது வேலை. முதல் வாரம் 35 டிகிரி சூடு, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து, இறகு முளைக்கும் வரை ஐந்தாறு வாரம் விளக்கடியில் வைக்க வேண்டும். கோழிகளைத் தாக்கும் வைரஸ் நோயான மேரக்ஸுக்கு முதல் நாளே தடுப்பூசி போட்ட குஞ்சா என்று கேளுங்கள்.

பெரிய சிக்கல், குஞ்சில் பாதி சேவலாக இருக்கும். சேவல் வைக்க வழியில்லை என்றால் இதை யோசித்தே ஆக வேண்டும். சில கலப்பினங்களில் பொரித்த அன்றே நிறத்தை வைத்துப் பெட்டை, சேவல் பிரித்துவிடலாம். சில்க்கியில் நாலைந்து மாதம் வரை தேர்ந்தவர்களே தடுமாறுவார்கள். சில்க்கிதான் வேண்டும், சேவல் கூடாது என்பவர்கள் வளர்ந்த பெட்டையாகவே வாங்குவது நல்லது. நான்கு மாத வெடைக்கோழியும் பொறுமையாகப் பழக்கினால் வரும்.

நாலைந்து கோழி முன்னால் நிற்கிறது. இதில் எது பழகும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அவசரப்படாமல் அந்த இடத்தில் கால் மணி நேரம் குந்தி உட்காருங்கள். முதலில் எல்லாம் ஒதுங்கும். எது முதலில் இரை கிளறத் திரும்புகிறது, எது தலையைச் சாய்த்து உங்களைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். சில நொடி திமிறிவிட்டு அடங்கினால் நல்லது. ஆனால் எடுத்த உடனே துவண்டு, கண் மூடி, அசையாமல் இருந்தால் சாது என்று நினைக்காதீர்கள். அது பயத்தில் விறைத்திருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். கண் தெளிவாக, மூக்கில் சளி இல்லாமல், பின்புறம் சுத்தமாக, காலின் செதில் படிந்து வழவழப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். காலில் இறகுள்ள இனங்களில் இறகை விலக்கிப் பாருங்கள், அதற்கடியில்தான் செதில் பூச்சி ஒளிந்திருக்கும்.

இனம் நல்ல இனம்தான், ஆனால் கிட்டப் போனால் ஓடுகிறது. எப்படிப் பழக்குவது?

நிற்காதீர்கள், உட்காருங்கள். கோழிக்கு ஆபத்து மேலிருந்துதான் வரும். நின்றபடி குனிந்து கையை நீட்டுவது அதற்குப் பருந்து இறங்குவது மாதிரி. கையைக் கீழிருந்து, பக்கவாட்டில் கொண்டு போங்கள். காய்ந்த புழுவோ சோளக்குருணையோ உள்ளங்கையில் வைத்து அப்படியே இருங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே குரல், ஒரே கிண்ணம். முதல் நாட்களில் தொட முயலவே வேண்டாம். தானாக வந்து தின்ன ஆரம்பித்த பிறகு நெஞ்சை வருடுங்கள். முதுகில் கை வைப்பது கடைசி. ஆசை காட்டும் தீனி மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

கட்டாயம் பிடித்தாக வேண்டும் என்றால் பொழுது சாய்ந்து அவை கம்பில் ஏறிய பிறகு எடுங்கள். மங்கலில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அடங்கி இருக்கும். பகலில் ஒரு தடவை துரத்திப் பிடித்தால் பல நாள் பழக்கம் வீணாகிவிடும்.

கையை நீட்டினாலே குனிந்து படுத்து இறக்கையை விரிக்கிறது. பாசம் வந்துவிட்டதா?

அது பருவம் வந்த பெட்டை சேவலுக்குக் காட்டும் இணக்கம். சேவல் இல்லாத இடத்தில் நமக்குக் காட்டுகிறது. முட்டையிடத் தயாராகிவிட்டது, அல்லது இட ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பழக்கத்தைக் காட்டுவது வேறு: நீங்கள் உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து மண் குளிப்பது, உங்கள் காலடியில் இறகு கோதுவது, மடியில் கண் செருகி மெல்லக் குரல் எழுப்புவது. ஆபத்து இல்லை என்று உறுதியான இடத்தில்தான் கோழி இதையெல்லாம் செய்யும்.

இத்தனை நாள் நன்றாக இருந்த கோழி திடீரென்று சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. ஏன்?

முட்டைப் பெட்டியை விட்டு எழாமல், உடம்பைத் தட்டையாக்கி உறுமினால் அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. சில்க்கி, கொச்சின், ஆர்பிங்டன் மூன்றுமே அடிக்கடி அடைக்கு வரும். சேவல் இல்லாத முட்டை பொரியாது, கோழி தின்னாமல் இளைத்துக்கொண்டே போகும். முட்டையைத் தினமும் எடுத்துவிடுங்கள். அப்படியும் எழாவிட்டால் அடியில் காற்றோட்டமுள்ள கம்பிக் கூண்டில் தீனி தண்ணீரோடு சில நாள் வைத்தால் அடை கலையும். கருவுற்ற முட்டை வைத்தால் 21 நாளில் குஞ்சு வரும்.

இறகு உதிரும் காலமாகவும் இருக்கலாம். முளைத்து வரும் குருத்திறகில் ரத்தம் ஓடும், தொட்டால் வலிக்கும். அந்த வாரங்களில் தூக்காதீர்கள். இரண்டும் இல்லாமல் ஒதுங்கி, கூன் போட்டு, தின்னாமல் இருந்தால் அது நோய். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கையிலேயே வளர்ந்த சேவல் இப்போது காலில் பாய்கிறது. இனத்தை மாற்றினால் சரியாகுமா?

இனம் கொஞ்சம் உதவும். கொச்சின், பிரம்மா, ஃபாவரோல் சேவல்கள் பெரும்பாலும் அமைதி. ஆனால் எந்த இனமானாலும் நாலைந்து மாதத்தில் பருவம் வரும்போது சேவல் தன் இடத்தைச் சோதித்துப் பார்க்கும். குஞ்சிலிருந்து மடியிலேயே வைத்து வளர்த்த சேவலுக்கு மனிதர் மீது அச்சமே இருக்காது, நம்மைப் போட்டிச் சேவலாக நினைக்கும். அதனால் பெட்டைக் குஞ்சைக் கொஞ்சுகிற அளவுக்குச் சேவல் குஞ்சைக் கொஞ்சாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

பாயும் சேவலை உதைக்காதீர்கள், ஓடவும் ஓடாதீர்கள். இரண்டுமே சண்டைக்கு ஒப்புக்கொண்டதாகிவிடும். நேராக நடந்து, அது ஒதுங்கும் வரை அதன் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பாயும் சேவலை வைத்துக்கொண்டு பரிசோதனை செய்ய வேண்டாம், அதன் முள் கண்ணில் படலாம். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. வைப்பதானால் ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டைகளின் முதுகு இறகு தேய்ந்துபோகும்.

மடியில் வைத்துக் கொஞ்சினால் நோய் வருமா?

பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் கோழியிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். முத்தம் கொடுக்க வேண்டாம், தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கொல்லைக்கு என்று தனிச் செருப்பு வையுங்கள். ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் நேரடியாகக் கையாளாமல் இருப்பதே நல்லது. சாதுவான இனம் வாங்கிய வீடுகளில்தான் முகத்தோடு முகம் ஒட்டிக் கொஞ்சுவது அதிகம், அதனால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் காட்டுப் பறவைகள் தீனியிலும் தண்ணீரிலும் வாய் வைக்காதபடி மூடி வையுங்கள்.

பழைய கூட்டத்தோடு புதுக்கோழியை எப்படிச் சேர்ப்பது?

முதலில் இரண்டிலிருந்து நான்கு வாரம் முற்றிலும் தனியாக, தனித் தண்ணீரோடு வைத்து நோய் ஏதும் வெளிப்படுகிறதா என்று பாருங்கள். அப்புறம் வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஒன்றிரண்டு வாரம். பார்க்கலாம், கொத்த முடியாது. பிறகு எல்லாவற்றையும் அகலமான இடத்தில் ஒன்றாக மேய விட்டு, இரவில் ஒன்றாக அடையுங்கள். ஒற்றைக் கோழியைச் சேர்க்காதீர்கள், குறைந்தது இரண்டு. குஞ்சுகளை உடம்பு ஈடாகும் வரை பெரியவற்றோடு விடக் கூடாது. கொத்து வரிசை பற்றி மேலே சொன்னது இங்கே முழுக்கப் பொருந்தும். புதுக்கோழி வந்தால் வரிசை புதிதாக ஏற்படும், சில நாள் அமளி இருக்கும்.

எத்தனை வருடம் இருக்கும்? முட்டை நின்ற பிறகு என்ன செய்வது?

பாரம்பரிய இனங்கள் ஐந்திலிருந்து எட்டு வருடம் இருக்கும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும் இருப்பவை உண்டு. முட்டை இரண்டாம் வருடத்திலிருந்தே குறைந்துகொண்டு வரும். செல்லமாக வளர்ப்பவர்கள் வாங்கும் முன்பே இதை வீட்டில் பேசி முடிவெடுங்கள். வயதான பெட்டை புழு தேடும், புதுக் குஞ்சுகளுக்கு இடம் காட்டும், உங்களையும் மறக்காது. கனமான இனங்களுக்கு வயதானால் பாதம் வீங்கிப் புண்ணாகும். கம்பை ஒன்றரை அடிக்கு மேல் வைக்காமல், தரையில் மெத்தென்று ஏதாவது போட்டால் பெருமளவு தடுக்கலாம்.

அதே இனம், ஒரே நாளில் வாங்கியவை, ஒரே மாதிரி வளர்த்தோம். ஒன்று மட்டும் பழகவே இல்லை. எங்கே தப்பு?

தப்பு எங்கேயும் இல்லை. இனம் சராசரியைத்தான் சொல்லும், ஒவ்வொரு கோழிக்கும் தனிச் சுபாவம் உண்டு. அது வரிசையில் கடைசியாக இருந்து, மற்றவை பயமுறுத்துவதால் உங்களிடம் வராமலும் இருக்கலாம். அதற்கு மட்டும் தனியாக ஒரு மூலையில் தீனி வைத்துப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் தூரத்திலேயே இருக்கட்டும். கூட்டத்தோடு நன்றாக மேய்ந்து, தின்று, மண் குளிக்கிறது என்றால் அதற்குக் குறை ஒன்றும் இல்லை.

மூன்று கோழியில் இரண்டு போய்விட்டன. மிச்சமிருப்பது வயதான சில்க்கி. இன்னொன்று வாங்கித் துணைக்கு விடலாமா?

விடலாம், ஆனால் துணையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். துள்ளும் வயதில் இருக்கும் பெரிய வெடைக்கோழி வேண்டாம். சில்க்கியையோ கொச்சின் பேண்டத்தையோ, முடிந்தால் நடுவயதுப் பெட்டைகளாக இரண்டு தேடுங்கள். வேறு இனத்தோடு வளர்ந்திருந்தால் பரவாயில்லை, கொத்தாத கோழியா என்று அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். நோய்க்காகத் தனியே வைக்கும் நாட்களைத் துக்கத்தில் குறைத்துவிடாதீர்கள். மற்ற இரண்டும் எதனால் இறந்தன என்று தெரியாவிட்டால், கூட்டைக் கழுவிக் காயவைத்த பிறகே புதியவற்றைக் கொண்டுவாருங்கள். அதுவரை அந்தக் கிழக்கோழி கூடத்து ஓரத்தில், நீங்கள் நடமாடுவது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கட்டும். அதன் கூண்டில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்தால் சில கோழிகள் அதன் பக்கத்திலேயே படுத்து அமைதியாகும்.